தலைக்கட்டு வரியும் பழவேற்காட்டுப் பாடும்

மூணு வாரமா ஆபீஸ்ல ஆணி அதிகம். நடுவுல ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கிளையண்ட் மீட்டிங்குக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ஊர்ல இருந்து பெரியப்பா போன். அருப்புக்கோட்டைப் பக்கம் எங்க ஊர்.

"ஏப்பா, பங்குனிப் பொங்கலுக்கு வரி நோட்டு எழுத ஆரம்பிச்சாச்சு. உனக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சுல்ல. உன்னையத் தனித் தலைக்கட்டா எழுதவா, இல்ல உங்கப்பன் கூடவே விட்ரவா?"

எனக்குச் சிரிப்பா வந்துச்சு. நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் சென்னை. ஊருக்குப் போறது வருஷத்துக்கு ஒருநாள், அதுவும் சில வருஷம் கிடையாது. அப்பா மட்டும் முப்பது வருஷமா மணியார்டர்ல ஆரம்பிச்சு இப்ப ஜிபே வரைக்கும் வரியை விடாம அனுப்பிக்கிட்டு இருக்கார். "எதுக்குப்பா இந்தத் தண்டம்?"னு நான் கேட்டா பதில் சொல்லமாட்டார், பேப்பரை விரிச்சுக்குவார். "யோசிச்சுச் சொல்றேன் பெரியப்பா"ன்னு போனை வெச்சுட்டேன். யோசிக்கிற எண்ணமெல்லாம் இல்லை, மீட்டிங்குக்கு நேரமாச்சு, அவ்வளவுதான்.

என்னை யோசிக்க வெச்சது அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன பழவேற்காடு. பூநாரை பார்க்கத்தான் போனேன். பார்த்துட்டு வந்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க மக்களே.

போனது பூநாரைக்கு

சென்னையில இருந்து வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பொன்னேரி தாண்டினதும் காத்துல உப்பு வாசனை வந்துரும். நானும் என்னோட டீம்ல இருக்கிற நண்பனும் காலையில அஞ்சு மணிக்கே பைக்கை எடுத்தோம். நண்பன் கேமரா பைத்தியம். அவன் பறவை பார்க்க, நான் டச்சுக்காரன் கல்லறை பார்க்க. (வரலாறுன்னா எனக்கு எப்படின்னு பழைய பதிவுகளைப் படிச்சவங்களுக்குத் தெரியும் :-) )

தெரியாதவங்களுக்காக: பழவேற்காடு ஏரி இந்தியாவோட இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. முதலிடம் ஒடிசாவின் சிலிகாவுக்கு. ஏரியோட பெரும்பகுதி ஆந்திராவில, தெக்குமுனை மட்டும் நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் சுவர்ணமுகியும் நல்ல தண்ணியைக் கொண்டுவந்து கொட்டுது. கடல் முகத்துவாரம் வழியா உள்ள வந்து உப்பைக் கொட்டுது. இரண்டும் கலக்கிற அந்த ரெண்டுங்கெட்டான் தண்ணிதான் இறாலுக்குத் தாய்வீடு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில நீளமா படுத்திருக்கிற தீவு வேற எதுவும் இல்லை, நாம ராக்கெட் விடுற ஸ்ரீஹரிகோட்டாதான். தெலுங்கில இந்த ஏரிக்கு 'பிரளய காவேரி'ன்னு பேர். என்னா பேருய்யா!

அன்னைக்குப் பூநாரை எங்களுக்குக் கண்ணு காட்டலை. ரொம்பத் தூரத்தில வெள்ளையா ஒரு கோடு. நண்பன் அதையே நூறு போட்டோ எடுத்தான். வெயில் ஏறினதும் டீ குடிக்க ஒரு குப்பத்துக்குள்ள நுழைஞ்சோம். (எந்தக் குப்பம்னு சொல்லப் போறதில்லை. அவங்க ஊர் விஷயத்தை என்னை நம்பிச் சொன்னாங்க.)

கோயில் முன்னாடி பந்தக்கால் நட்டிருந்தாங்க. மைக்செட்காரர் குழாயைக் கட்டிக்கிட்டு இருந்தார். மாசி மகம் வருதாம். சாமியைக் கடலுக்குக் கொண்டுபோய்த் தீர்த்தம் கொடுக்கிற நாள். வேப்பமரத்து நிழல்ல ஒரு பெரியவர் கண்ணாடியை மூக்கு நுனியில போட்டுக்கிட்டு ஒரு நோட்டுல பேர் பேரா டிக் அடிச்சுக்கிட்டு இருந்தார். எட்டிப் பார்த்தேன். மேல எழுதியிருந்தது: தலைக்கட்டு வரி.

அப்படியே பக்கத்தில உட்கார்ந்துட்டேன்.

வந்தவங்க, போனவங்க

பெரியவர் சொன்னதுக்கு முன்னாடி கொஞ்சம் சரித்திரம். இது இல்லாம அது விளங்காது.

16ஆம் நூற்றாண்டு ஆரம்பத்தில போர்த்துக்கீசியர்கள் இங்க வந்தாங்க. ஊரின் மகிமை மாதா கோயிலை அவங்க 1515ல தொடங்கினதா ஊர் மக்கள் சொல்றாங்க. அவங்களுக்குப் பின்னாடி டச்சுக்காரங்க. விஜயநகர அரசர் வேங்கடரிடம் 1610ல வியாபாரத்துக்கு அனுமதி வாங்கினாங்க. 1612ல சாந்தோம் போர்த்துக்கீசியர்கள் வந்து அவங்க பண்டசாலையை அடிச்சு நொறுக்கினாங்க. 1613ல கோட்டை எழும்பியது. பேரு கெல்ட்ரியா. ஹாலந்தில கெல்டர்லாந்துன்னு ஒரு மாகாணம், அங்க இருந்து வந்த டச்சு அதிகாரி தன் சொந்த மண்ணோட பேரை வெச்சுட்டார். அமெரிக்கா போன நம்மாளு வீட்டுக்கு 'காவேரி'ன்னு பேர் வைக்கிற மாதிரி.

அப்புறம் சுமார் எண்பது வருஷம் சோழமண்டலக் கடற்கரை முழுக்க டச்சுக்காரங்களுக்கு இதுதான் தலைநகரம். இங்கிருந்து கப்பல் கப்பலா துணி போச்சு. இன்னைக்கும் மலேசியாவில கட்டம் போட்ட கைலிக்கு 'பெலிக்கட்'னு பேரு. நம்ம பழவேற்காடுதான் அங்க அப்படி ஆயிருக்கு. மலேசிய நண்பர்கள் இருந்தா கேட்டுப் பாருங்க. துணி மட்டும் போகலை. பஞ்ச காலங்கள்ல பசியில விலைபோன மனுஷங்களையும் அடிமைகளா ஏத்திப் படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பினாங்க. பழவேற்காட்டைப் பத்தி எழுதுறவங்க கைலியைப் பத்தி ஆசையா எழுதுவாங்க, இதை ஒருவரியில தாண்டிப் போயிருவாங்க. நானும் ஒருவரியிலதான் எழுதியிருக்கேன். ஆனா தாண்டிப் போக முடியலை.

இன்னொரு தகவல். ஆங்கிலேயர்கள் 1626ல ஏரிக்கு வடக்கே துகராஜபட்டணத்தில கடை விரிச்சுப் பார்த்தாங்க. அவங்க அதை ஆர்மகான்னு கூப்பிட்டாங்க. டச்சுக்காரன் பக்கத்திலயே இருந்ததால வியாபாரம் சரியா போகலை. வேற இடம் தேடி பிரான்சிஸ் டே தெற்கே வந்து 1639ல பிடிச்ச மணல்மேடுதான் மதராசபட்டணம். ஆக, பழவேற்காட்டில இடம் இருந்திருந்தா சென்னை இருந்திருக்குமான்னு தெரியலை. நானும் பொட்டி தட்டுறதுக்கு ஓ.எம்.ஆருக்குப் பதிலா இங்கதான் வந்திருப்பேன் போல.

1690ல டச்சுக்காரங்க தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாத்தினாங்க. அதுக்கப்புறம் ஊர் கைமாறிக் கைமாறி 1825ல மொத்தமா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோட்டை இருந்த இடத்தில இப்ப மேடும் முள்ளுப்புதரும்தான். கல்லறை மட்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில இருக்கு. வாசல்ல ரெண்டு எலும்புக்கூடு செதுக்கி வெச்சிருக்காங்க. சாவு எல்லாருக்கும் காவல் நிக்குதுன்னு அர்த்தமோ என்னமோ.

ராஜா போயாச்சு, கம்பெனி போயாச்சு, கோட்டை போயாச்சு. கோட்டைக்குப்பம் மட்டும் இருக்கு. கோட்டை இல்லாத கோட்டைக்குப்பம். எப்படி இருக்குங்கிறதுதான் அந்த நோட்டு விஷயம்.

பாடுன்னா என்ன?

"இன்னா தம்பி, பத்திரிகையா?"ன்னு கேட்டார் பெரியவர்.

"இல்லைங்கய்யா, சும்மா பார்க்க வந்தோம். எங்க ஊர்லயும் தலைக்கட்டு வரி இருக்கு. அதான் கேட்டேன்."

அது வேலை செஞ்சது. நோட்டை மூடி மடியில வெச்சுக்கிட்டார். "உங்க ஊர்ல வரி குடுத்தா இன்னா கெடைக்கும்?"

"பிரசாதம்... அப்புறம் முதல் மரியாதை வரிசையில ஒரு இடம்."

"இங்க தண்ணி கெடைக்கும்"னார்.

எனக்குப் புரியலை. குடிதண்ணின்னு நெனச்சேன். அவர் சொன்னது ஏரியை.

பழவேற்காட்டில 'பாடு'ன்னு ஒரு முறை இருக்கு. பாடுங்கிற வார்த்தையைப் பாருங்க: மீனவர்கள் பேச்சில மீன்பாடுன்னா கிடைச்ச மீன். நாம படுறதும் பாடுதான். 'அவன் பாட்டுக்கு அவன்'னு சொல்றப்ப அவனவன் பங்கு. மூணு அர்த்தமும் இந்த ஒரு முறைக்குள்ள இருக்கு.

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில ஏரிக்குள்ள சில இடங்கள்தான் தங்கம் விளையுற இடம். அலை ஏறி இறங்கும்போது தண்ணி ஓட்டத்தோட இறால் வரும். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே கம்பு நட்டு வலை கட்டணும். எல்லாரும் ஒரே நேரத்தில கட்டினா யாருக்கும் கிடைக்காது, வெட்டுக்குத்துதான் மிஞ்சும். அதனால முறை வெச்சிருக்காங்க. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், இந்த மூணு ஊரும்தான் இந்த உரிமைக்குப் பழைய பங்காளிங்க. ஊருக்கு ஊர் முறை. ஊருக்குள்ள எந்த இடம் யாருக்குன்னு சீட்டு. நல்ல இடம் இன்னைக்கு எனக்கு விழுந்தா அடுத்த முறை உனக்கு விழும். பணக்காரன், ஏழை கிடையாது. ரெண்டு படகு வெச்சிருந்தாலும் முறை ஒண்ணுதான்.

என் நண்பன் காதுல கிசுகிசுத்தான்: "மச்சி, இது ரவுண்ட் ராபின்டா."

அதேதான்! காலேஜ்ல ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பர்ல படிச்சோமே, ஒரு பிராசஸரை நிறைய வேலைகளுக்குச் சரிசமமா பங்கு போடுறது. அதை இவங்க தண்ணியில செஞ்சுக்கிட்டு இருக்காங்க. நாம அரியர் வெச்சோம்.

வீட்டுக்கு வந்து தேடினா, இது பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் மண்டையை உடைச்சுக்கிட்ட விஷயம். 1968ல காரெட் ஹார்டின்னு ஒரு அமெரிக்கர், பொதுவில வெச்ச சொத்து எல்லாரும் சுரண்டிச் சுரண்டி ஒருநாள் பாழாத்தான் போகும்னு எழுதினார். ஒண்ணு அரசாங்கம் எடுத்துக்கணும், இல்லைன்னா தனியார்கிட்ட கொடுக்கணும்னு அதை வெச்சு எல்லாரும் பேச ஆரம்பிச்சாங்க. எலினார் ஆஸ்ட்ரம்ங்கிற அம்மா, அப்படியெல்லாம் இல்லை, ஜனங்களே விதி போட்டுப் பல நூறு வருஷமா பொதுச்சொத்தைக் காப்பாத்தியிருக்காங்கன்னு உலகம் பூரா உதாரணம் காட்டினாங்க. 2009ல பொருளாதார நோபல், அந்தத் துறையில பரிசு வாங்கின முதல் பெண். அவங்க காட்டின உதாரணத்தில ஒண்ணு துருக்கியில அலான்யாங்கிற மீனவ ஊர். வருஷா வருஷம் செப்டம்பர்ல சீட்டுப் போடுவாங்க. ஆளுக்கு ஒரு இடம். அப்புறம் ஜனவரி வரைக்கும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடம் கிழக்கே நகரணும், ஜனவரிக்கு மேல மேற்கே. வாசிச்சதும் எனக்கு வேப்பமரத்துப் பெரியவர் ஞாபகம்தான் வந்தது. பழவேற்காட்டுப் பாடு பத்தியும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1991ல ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கு. நமக்குத்தான் தெரியலை.

இன்னும் பக்கத்தில ஒண்ணு. இலங்கை நீர்கொழும்புக் கடலேரியில 'கட்டுதெல்'னு கம்பு வலைமுறை. அங்க நாலு மீனவர் சங்கங்கள் முறைபோட்டுப் பிடிக்கிறாங்க. அங்க அந்த வழக்கத்தை அரசாங்கமே சட்டவிதியா ஏத்துக்கிச்சு. பழவேற்காட்டில பாடு உயிரோட இருக்கிறது ஊர் வழக்கத்திலயும் ஊர்ப் பஞ்சாயத்திலயும்தான். ஊர் சேர்ந்து நிக்கிற வரைக்கும்தான் அதுக்குப் பலம்.

திருவிழாவும் நோட்டும்

இப்ப நோட்டுக்கு வருவோம்.

"சீட்டுல பேர் போடணும்னா மொதல்ல நோட்டுல பேர் இருக்கணும்"னார் பெரியவர். கல்யாணம் ஆனதும் பையன் தனித் தலைக்கட்டு ஆவான். (சில ஊர்கள்ல வயசு வந்தாலே போதும்.) அன்னையில இருந்து திருவிழா வரி அவன் பேருக்கு வரும். ஊர்க்கூட்டத்தில அவன் குரலும் கணக்கு. வீட்டில சாவு விழுந்தா ஊர் வந்து நிக்கும். பாடு உள்ள ஊர்ல அவனுக்குப் பாடும் உண்டு. வரி கட்டாம வீம்பு பண்ணினா?

"பண்ணமாட்டான் தம்பி. கஷ்டம்னா சொல்லுவான், தவணை குடுப்போம். வீம்பு பண்ணா சாமி அவன் வாசல்ல நிக்காம போயிடும். அத்தவிட இன்னா தண்டனை இருக்குது?"

யோசிச்சுப் பாருங்க. மீனவக் குப்பத்தில நிலத்துக்குப் பட்டா மாதிரி தண்ணிக்குப் பட்டா கிடையாது. வி.ஏ.ஓ. ஆபீஸ்ல போய் 'இந்த ஓட்டம் என்னோடது'ன்னு காட்ட ஒரு காகிதம் கிடையாது. யார் ஊர்க்காரன், யாருக்கு என்ன பங்குன்னு ஊரே கூடி வருஷா வருஷம் எல்லார் கண்ணு முன்னாடியும் சரிபார்க்கிற நாள் திருவிழாதான். சாமி ஊர்வலம் எந்தெந்த வாசல்ல நிக்குதோ அதெல்லாம் ஊர். சத்தமா மைக்ல பேர் படிக்கிறாங்களே, நாம காதைப் பொத்திக்கிட்டுத் திட்டுறோமே, அது ஒரு ஆவணம். நாம டேட்டாபேஸ்ல வருஷக் கடைசியில ஆடிட் ஓட்டுற மாதிரி, மேளதாளத்தோட.

பழவேற்காட்டைச் சுத்தி வருஷம் பூரா இப்படி ஒண்ணு நடந்துக்கிட்டே இருக்கு. ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ். பெரிய அண்டாவில காய்ச்சி, வர்றவங்க எல்லாருக்கும் ஊத்துவாங்க. கருவாட்டுக் குழம்பு வாசனை தெருமுனை வரைக்கும் வரும். மாசி மகத்துக்குச் சாமி கடலுக்குப் போகும். மாதாகுப்பத்தில கொடியேத்தி மகிமை மாதா தேர்பவனி. அங்க தேர் இழுக்கிறவனும் இங்க சாமி தூக்கிறவனும் மறுநாள் ஒரே தண்ணியில முறை மாத்தி வலை கட்டுறவங்க. ஊருக்குள்ள பழைய பள்ளிவாசல்கள் இருக்கு. அங்குள்ள முஸ்லிம் பெண்கள் பனையோலையில பின்னுற கூடையும் பெட்டியும் பார்த்தா கண்ணு விரியும். மூணு மதமும் ஒரு ஏரியைச் சுத்தி. இதை 'மத நல்லிணக்கம்'னு அரசாங்க விளம்பரப் பாஷையில சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஒரே தண்ணியை நம்பிப் பிழைக்கிறவங்க ஒருத்தர் விழாவை ஒருத்தர் கெடுத்துக்கிட்டா நாளைக்கு முறை யார் போடுறது? அந்தக் கணக்கு அவங்களுக்குத் தெரியும்.

ஏரியோட ஆந்திரப் பக்கம் சூலூர்ப்பேட்டையில 2001ல இருந்து அரசாங்கமே பூநாரைத் திருவிழான்னு ஒண்ணு ஆரம்பிச்சது. நடுவில சில வருஷம் நடக்கலை. நல்ல விஷயம்தான். கூட்டம் வருது, பறவை பத்தி பிள்ளைங்க தெரிஞ்சுக்குது. ஆனா அதுல வரி கிடையாது, டிக் கிடையாது. நாம போய்ப் பார்த்துட்டு வரலாம். நம்ம பேரை யாரும் எழுத மாட்டாங்க.

நோட்டுல இல்லாதவங்க

இந்த இடத்தில புல்லரிச்சுப் பதிவை முடிச்சிருப்பேன். பெரியவர் உள்ள போனப்ப டீக்கடை அக்கா விடலை.

"ஐயா நல்லாத்தான் சொன்னாரு. அந்த நோட்டுல எம்பேரு எங்க இருக்குன்னு கேட்டீங்களா தம்பி?"

தலைக்கட்டுன்னா ஆண். ஏரியில பிடிச்ச இறாலைக் கூடையில வெச்சு பொன்னேரிக்கும் சென்னைக்கும் சுமந்து காசாக்கிறது பெண்கள். நோட்டுல அவங்க பேரு இல்லை. அப்புறம் சாதி. பாடு பட்டினவர் சமூகத்தின் பரம்பரை உரிமை. ஏரியை நம்பிப் பிழைக்கிற மத்த ஊர்க்காரங்க, மத்த சாதிக்காரங்க அதுக்கு வெளியிலதான். இருளர் மக்கள் இடுப்பளவு தண்ணியில சேத்தைக் கையால தடவித் தடவி இறால் பிடிப்பாங்க. வலை இல்லை, படகு இல்லை, முறையில இடமும் இல்லை.

இறாலுக்கு வெளிநாட்டில விலை கிடைக்காத காலத்தில இது பெரிய சண்டையா இல்லை. 1970களுக்கு அப்புறம் ஏற்றுமதியில இறால் விலை ஏறினதும், வெளியில நின்னவங்களும் 'ஏரி எல்லாருக்கும்தானே?'ன்னு கேட்க ஆரம்பிச்சாங்க. நியாயமான கேள்வி. அதுக்கு ஊர்ப் பெரியவங்க சொல்றதும் முழுப் பொய் இல்லை: எல்லாரும் இறங்கினா ஒருத்தருக்கும் மிஞ்சாது. ஆஸ்ட்ரம் அம்மாவும், பொதுச்சொத்து நிலைக்கணும்னா யார் உள்ள, யார் வெளியிலங்கிற எல்லை தெளிவா இருக்கணும்னுதான் எழுதினாங்க. ஆனா அந்தக் கோட்டைப் பிறப்பை வெச்சுப் போட்டா, அதுக்கு நம்ம ஊர்ல இருக்கிற பேரு வேற. வேலியும் அதேதான், காவலும் அதேதான். இதுக்கு எனக்கு விடை தெரியலை. தெரிஞ்ச மாதிரி ஜல்லியடிக்கவும் விருப்பம் இல்லை.

சுருங்குற தண்ணி

சண்டை பெருசானதுக்கு விலை மட்டும் காரணம் இல்லை. தண்ணியும் மாறிக்கிட்டே வருது. முகத்துவாரத்தில மணல் மூடினா கடல்தண்ணி உள்ள வராது, இறால் குஞ்சும் வராது. மூடுறப்பெல்லாம் ஊர்க்காரங்களே மண்வெட்டியோட இறங்கித் தோண்டியிருக்காங்க. தெற்கே 1994ல வடசென்னை அனல்மின் நிலையம், 2001ல எண்ணூர் துறைமுகம், அதுக்கடுத்த பத்தாண்டில காட்டுப்பள்ளித் துறைமுகம். காட்டுப்பள்ளியைப் பல மடங்கு பெருசாக்கப் போறோம்னு திட்டம் வந்தப்ப, கரை அரிச்சுரும், ஏரி போயிரும்னு குப்பங்கள் எதிர்த்து நின்னுச்சு. 2021 ஜனவரியில நடக்க இருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளி வைக்கப்பட்டது. வடக்கே ராக்கெட் கிளம்புற நாள்ல கடலுக்குப் போகத் தடை. நாம ஆபீஸ் பால்கனியில நின்னு வானத்தில வெள்ளைக் கோடு பார்த்துக் கைதட்டுறோமே, அன்னைக்கு இவங்களுக்கு வேலை இல்லை.

இன்னொண்ணையும் சொல்லணும். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்னைக்கு, சுற்றுலா வந்தவங்க போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க. பண்டிகை நாள். நம்மள மாதிரி ஒருநாள் ஏரி பார்க்க வந்தவங்க. அதுக்கப்புறம் சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. நண்பன் "படகுல போனா பூநாரை கிட்ட வரும்டா"ன்னு ஆரம்பிச்சப்ப ஒரு பையன் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான். ஏன்னு அப்புறம்தான் புரிஞ்சது.

கிளம்பும்போது பெரியவர்கிட்ட கேட்டேன். "பசங்க எல்லாம் கம்பெனி வேலைக்குப் போறாங்களே. அவங்களும் வரி கட்டுறாங்களா?"

"அவனுங்கதான் மொத ஆளா கட்றானுங்க"ன்னு சிரிச்சார். "கம்பெனி எப்ப வேணா வேணாம்னு சொல்லும் தம்பி. ஊரு சொல்லாது. நோட்டுல பேர் இருந்தா திரும்பி வந்து நிக்கலாம்ல."

அப்பா ஏன் பதில் சொல்லாம பேப்பரை விரிச்சுக்கிட்டார்னு அப்பத்தான் எனக்கு உறைச்சது. 90கள்ல அவர் வேலை பார்த்த மில் மூடி, எட்டு மாசம் சம்பளம் இல்லாம இருந்தார்னு அம்மா சொல்லியிருக்காங்க. அந்த எட்டு மாசம் நாங்க எங்க இருந்தோம்னு நான் கேட்டதே இல்லை. அருப்புக்கோட்டைப் பக்கம் அந்த ஊர்லதான் இருந்திருக்கோம்.

எங்க அபார்ட்மெண்ட்லயும்தான் பொங்கல் விழா நடக்குது. ஃபிளாட்டுக்கு ஆயிரம் ரூபா, வாட்ஸப்ல ஸ்கிரீன்ஷாட் அனுப்பினா போதும், கோலப்போட்டி, மியூசிகல் சேர், பஃபே சாப்பாடு. நல்லாத்தான் இருக்கும். ஆனா நாளைக்கு எனக்கு வேலை போச்சுன்னா அந்த குரூப்ல யார்கிட்ட சொல்லுவேன்?

ராத்திரி வீட்டுக்கு வந்து பெரியப்பாவுக்குப் போன் போட்டேன்.

"தனித் தலைக்கட்டாவே எழுதுங்க பெரியப்பா."

"சரிப்பா." குரல்ல சந்தோஷம் தெரிஞ்சது.

"இன்னொண்ணு. என் பேரோட அவ பேரையும் சேர்த்து எழுதுங்களேன். சம்பளம் ரெண்டு பேருதும்தானே, வரியும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் கட்டுறோம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிருச்சோன்னு பார்த்தேன்.

"அப்படி வழக்கம் இல்லையேப்பா..." அப்புறம் பக்கம் புரட்டுற சத்தம். "சரி, நோட்டுல இடம் கெடக்கு. கூட்டத்தில கேட்டுப் பார்க்குறேன்."

பங்குனிக்கு ஊருக்குப் போறோம். எழுதியிருந்தாரா இல்லையான்னு வந்து சொல்றேன்.

டிஸ்கி: உங்க ஊர்ல தலைக்கட்டு வரி இருக்கா? அதுல பேர் இருந்தா என்ன கிடைக்கும், இல்லைன்னா என்ன போகும்? தெரிஞ்சவங்க பின்னூட்டத்தில சொல்லுங்க. 'சூப்பர் பதிவு'ன்னு மட்டும் போட்டுட்டுப் போயிராதீங்க :-)